பாழ்பட்டணத்தில் நிற்பவர்கள்

சிப்பிக்கரையில் செத்துப்போகிறவர்கள் கிளை நூலகத்துக்கு வந்துசேர மூன்று நாள் ஆகும். முதல் நாள் அடக்கம், இரண்டாம் நாள் வீடு கழுவுதல், மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நூலகர் பூவலிங்கம் பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, இரும்பு பீரோவிலிருந்து அந்தக் கனத்த புத்தகத்தை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து மேசையில் வைத்துப் பிரிக்கும்போது, செத்தவர் அதில் ஏதாவது ஒரு பக்கத்தில், ஓர் இடிந்த சுவருக்குப் பக்கத்திலோ ஒரு தூணின் நிழலிலோ, சுண்டுவிரல் நக உயரத்தில் நின்றுகொண்டிருப்பார். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமையாக வந்துவிட்டால் நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமைதான் பார்க்க முடியும். அப்படிக் காத்திருந்தவர்கள் அரசாங்கத்தைத்தான் திட்டினார்களே தவிர, செத்தவரைக் குறை சொன்னதில்லை.

பாழ்பட்டணம் என்பது ஊருக்கு வடக்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மேடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு துறைமுக நகரம் இருந்ததாம். இப்போது உடைமரமும் ஓட்டாஞ்சில்லும் மேயும் ஆடுகளும்தான் இருக்கின்றன. நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால், கொஞ்சம் கல்லும் தூணும் மண்ணுக்கு மேலே மிச்சமிருந்த காலத்தில், ஹாரிமன் என்ற வெள்ளைக்கார சர்வேயர் அங்கே கூடாரமடித்து, இரண்டு மழைக்காலம் தங்கி, தெருத்தெருவாக அளந்து, சுவர்சுவராக வரைந்து, சீமையில் அச்சடித்த புத்தகம் அது. நாற்பத்தொரு படங்கள். உறைகிணறுகள், செங்கல் சாக்கடை ஓடும் தெரு, படிகள் உடைந்த தெப்பக்குளம், கப்பல்களைக் கட்டிவைத்த கற்கள் வரிசையாக நிற்கும் துறை. உப்புக் கம்பெனியின் பழைய பங்களாவை இடித்தபோது தேக்கு அலமாரி ஒன்றுக்குள் கிடைத்தது. யாருக்கும் படிக்கத் தெரியாது, எடைக்குப் போடவும் மனம் வரவில்லை என்று நூலகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

பூவலிங்கம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழெட்டு மாதத்தில் அதைப் படித்து முடித்தார். செத்த நகரத்தைப் பற்றி அந்த மனிதர், வீட்டுக்காரர்கள் வெளியே போயிருக்கிறார்கள், திரும்பி வருவதற்குள் அளந்துவிட வேண்டும் என்பது போல எழுதியிருக்கிறார் என்று எங்களிடம் சொன்னார். படங்களில் அங்கங்கே குட்டி மனிதர்கள் நின்றார்கள், மொத்தம் பதினொரு பேர். குடை பிடித்த ஒருவர், பானை வைத்திருக்கும் ஒரு பெண், சும்மா கைகட்டி நிற்கும் ஒரு கூலியாள். ஒரு தூண் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆள் நின்றாக வேண்டும், அதற்காகத்தான் அவர்கள் என்று அவர் விளக்கினார்.

பன்னிரண்டாவது ஆளை முதலில் கண்டது பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஒன்பதாம் படத்தில், உறைகிணற்றுக்குப் பக்கத்தில், மூன்று நாளைக்கு முன் அடக்கமான தையல்கடை மீரான், கழுத்தில் அளவு நாடாவோடு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்துபோய் மீரானின் மகனைக் கூட்டிவந்தார். மகன் பார்த்தான். அப்பாதான் என்றான்.

அடுத்த வாரம் பால்காரர் வீட்டில் ஒரு சாவு. செத்தவரும் புத்தகத்தில் வந்தார். அதற்கடுத்த மாதம் இரண்டு பேர். மழைக்காலம் முடிவதற்குள் பதினான்கு பேர் ஆகிவிட்டார்கள். எதனால் வருகிறார்கள் என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. எந்தப் பக்கத்தில் வந்தார், தனியாக நிற்கிறாரா, பக்கத்தில் யார், முகத்தில் வெயில் படுகிறதா என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. என் ஜெராக்ஸ் கடை நூலகத்துக்கு நேர் எதிரே இருப்பதால் முதலில் என்னிடம்தான் நகல் எடுக்க வந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். கல்லும் சுவரும் பழைய பதினொரு பேரும் மட்டும் தாளில் விழுந்தார்கள். செல்போனில் எடுத்தாலும் அப்படித்தான். புத்தகத்துக்கு நேரே குனிந்து பார்த்தால்தான் அவர்கள் தெரிந்தார்கள்.

பள்ளிவாசலில் படம் வெறும் படம்தான் என்று சொல்லிவிட்டார்கள். சர்ச்சில் சாமியார் இரண்டு ஞாயிறு கண்டித்துப் பேசினார். மூன்றாம் வாரம் அவருக்கு முன்னால் இங்கே பங்குச் சாமியாராக இருந்தவர், ஊரிலேயே படுத்துக் கிடந்து செத்தவர், பதினேழாம் படத்தில் அங்கியோடு நிற்பதை வந்து பார்த்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும், தங்கள் தகப்பனார் தெரு கூட்டிய மாடனோடு ஒரே சுவரில் சாய்ந்து நிற்பது முறையில்லை, வேறு பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று மாவட்ட நூலகருக்கு எழுதிப் போட்டார்கள். பதில் வரவில்லை. இரண்டு பேரும் அந்தச் சுவரிலேயே சாய்ந்திருந்தார்கள்.

இப்படியே அது எங்கள் அன்றாடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பூவலிங்கம் ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிச் சணலில் கட்டி மேசைக்காலோடு முடிந்துவைத்தார். பேப்பர் படிக்கிறவர்கள் தாங்களாகவே மூலைக்கு நகர்ந்துகொண்டார்கள். சாகக் கிடந்தவர்கள் இன்ன பக்கம் எனக்கு வேண்டாம், அங்கே நிழலே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒப்பாரி குறைந்தது, மூன்றாம் நாள் குடும்பத்தோடு நூலகத்துக்குப் போவது வழக்கமாயிற்று, யாராவது செத்தால் வெளியூரிலிருந்து போன் செய்கிற சொந்தக்காரர்கள் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்காமல் புத்தகத்தில் வந்தாச்சா என்று கேட்கப் பழகினார்கள். படிக்கட்டு இறங்க முடியாமல் ஒன்பது வருஷம் கட்டிலில் கிடந்த என் அம்மா இருபத்தாறாம் படத்தில், தெப்பக்குளத்தின் கீழ்ப்படியில் நின்றாள். நான் கடை திறக்குமுன் தினமும் போய்ப் பார்ப்பேன். எப்படி அத்தனை படி இறங்கினாள் என்று ஆச்சரியமாக இருக்கும், பிறகு எப்படி ஏறுவாள் என்று கவலையாக இருக்கும்.

பூவலிங்கம் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கோவில்பட்டிப் பக்கம். வேலைக்கு வந்த இடத்தில் ஒன்பது வயது மகள் கோமதியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் அதே தெப்பக்குளத்தின் மேல்படியில், குதிக்கப் போகிறவளைப் போலக் கைகளை விரித்து நின்றாள். மனைவி ஊரோடு போய்விட்டார். மாற்றல் உத்தரவு இரண்டு முறை வந்தும் அவர் போகவில்லை.

புத்தகம் வந்த மறு வருஷம் கார்த்திகைப் புயலில் பெனித்தாசின் படகு போயிற்று. நான்கு பேர். தேடப்போனவர்கள் ஒரு பலகைத்துண்டைக்கூடக் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் காலை நான்கு வீட்டுப் பெண்களும் நூலக வாசலில் நின்றார்கள். முப்பத்தொன்றாம் படத்தில், கப்பல் கட்டும் கற்கள் நிற்கும் துறையில், மூன்று பேர் கடலைப் பார்த்து நின்றார்கள். மூன்று வீட்டார் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் வேண்டியதைச் செய்தார்கள். நான்காவது ஆள் இல்லை. பெனித்தாசின் மனைவி எஸ்கலின் நாற்பத்தொரு பக்கத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, அழலாமா கூடாதா என்று தெரியாதவளாக அங்கேயே நின்றாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை முடிந்ததும் கையைக் கழுவி, வாடை போக எலுமிச்சைத்தோலைத் தேய்த்துக்கொண்டு, நாலு மணிக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்ப்பாள். இப்படி நான்கு வருஷம். செத்தார் என்று காகிதம் தர ஏழு வருஷம் ஆக வேண்டும் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். ஊரிலோ புத்தகம் சொல்ல வேண்டும் என்றோம். கல்யாணத்துக்கு அவளை அழைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அழைக்காமல் விட்டோம். துக்க வீட்டில் அவள் தாலியோடு வந்து நின்றபோது மற்றப் பெண்கள் விலகி நின்றார்கள். அவளை விதவையாகவும் வைக்கவில்லை, மனைவியாகவும் வைக்கவில்லை.

படகு எஞ்சின் பார்க்கும் தொம்மையும் நாலு மணிக்குத்தான் வருவான். அவன் மனைவி ஞானசௌந்தரி பிரசவத்தில் போனவள். இருபத்திரண்டாம் படத்தில் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு நாளாவது திரும்புவாளா என்று பார்க்க வருவான். எஸ்கலின் இருபத்திரண்டாம் பக்கத்துக்கு வரும்போது அவனுக்காகக் கொஞ்ச நேரம் புரட்டாமல் வைத்திருப்பாள். ஒரே பெஞ்சில் இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தார்கள். பிறகு ஒருநாள் தொம்மை சாமியாரிடம் போய், எஸ்கலினைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். பெனித்தாஸ் புத்தகத்தில் வராதவரை பூசையில் கல்யாண ஓலை வாசிக்க முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அந்தப் புத்தகத்தைப் பிரசங்கத்தில் கண்டித்த அதே சாமியார்தான். எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. நான் கடையைப் பாதி இறக்கியிருந்தேன். எஸ்கலின் மட்டும் முக்காட்டோடு நூலகத்துக்குள் போவதைப் பார்த்தேன். உள்ளே நடந்ததை வெகுநாள் கழித்து பூவலிங்கம் எல்லார் முன்னாலும் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். அவள் அன்று புத்தகத்தைப் புரட்டவே இல்லையாம். நேராக முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கிறாள்.

"சார், உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரு ஆளை வரைய உங்களால முடியும்."

அவர் முடியாது என்றார். தப்பு என்றார். அரசாங்கச் சொத்து என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"இருக்காருன்னு ஒரு நாள் நினைக்கேன் சார், இல்லைன்னு ஒரு நாள் நினைக்கேன். நாலு வருசமா தெனமும் நானே அவரைக் கொல்லுதேன், நானே எழுப்புதேன். ஒரு தடவை நீங்க செஞ்சிருங்க."

பூவலிங்கம் தெப்பக்குளத்துப் படத்தைத் திருப்பி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மெல்லிய முள் பேனாவை எடுத்து, மையைத் தண்ணீர் கலந்து பழைய அச்சின் பழுப்புக்குக் கொண்டுவந்து, எப்படி நிற்பார் என்று கேட்டார். தலையில் துண்டு, மடித்துக் கட்டிய சாரம், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றாள் அவள். வலை இழுத்து இழுத்து அப்படி ஆனது என்றாள். மூன்று பேருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு அவர் வரைந்தார். மழை விடுவதற்குள் மை காய்ந்துவிட்டது.

மறுநாள் காலை, அந்தப் படகில் போன கூட்டாளிகளில் ஒருவனின் தகப்பனார் வழக்கம்போல மகனைப் பார்க்க வந்தார். நான்கு பேர் நிற்பதைப் பார்த்தார். பத்து மணிக்குச் சர்ச்சில் சாவு மணி அடித்தது. எஸ்கலின் தாலியைக் கழற்றினாள், பூசை வைத்தார்கள், காலிப்பெட்டியைப் புதைத்தார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் போல ஊரில் யாரும் அழுது நான் கேட்டதில்லை. நான்கு வருஷத்து அழுகை என்று பேசிக்கொண்டோம். தை மாதம் தொம்மைக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. மறு வருஷம் ஒரு பெண் குழந்தை.

குழந்தைக்கு ஒரு வயதாகும்போது, பகல் பதினொரு மணி பஸ்ஸிலிருந்து பெனித்தாஸ் இறங்கினார்.

தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. இடது தோள் இறங்கியிருந்தது. நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. டீ மாஸ்டர் ஒரு கிளாஸ் டீயைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, கல்லறைத் திருநாளுக்குப் படைப்பவர்கள் விலகுவது போல இரண்டு அடி பின்னால் போய்க் கைகட்டி நின்றார். இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெனித்தாஸ் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயரையும் கூப்பிட்டார். நான் தலையை ஆட்டினேன்.

படகு கவிழ்ந்தது, பதினொரு நாள் ஒரு டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்தது, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு தேசத்துக் கரையில் ஒதுங்கியது, காகிதம் இல்லை என்று சிறையில் போட்டது, அவர் பேசுகிற பாஷை அங்கே ஒருத்தருக்கும் தெரியாதது, ஆறு வருஷம் கழித்து ஒருநாள் கதவைத் திறந்து போ என்றது, எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல எங்களுக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. பாவம், தனக்கு நடந்தது இன்னும் இவருக்குத் தெரியவில்லை என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னோம். அவருக்கும் அது கேட்டது. தொட்டுப் பாருங்க என்று கையை நீட்டினார். ஓய்வுபெற்ற தபால்காரர் தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். வெயிலில் நின்றால் கல்கூடச் சூடாகத்தான் இருக்கும் என்றார்.

எஸ்கலின் எங்கே என்று பெனித்தாசே விசாரித்துக்கொண்டு தொம்மையின் எஞ்சின் கொட்டகைக்குப் போனார். எஸ்கலின் இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றாள். அவரைப் பார்த்ததும் அவள் அசையவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தொம்மை உள்ளேயிருந்து வந்து, கையிலிருந்த கிரீசைத் துடைத்துவிட்டு, மரியாதையாகக் கிட்டே போனான். அவனுக்குப் பயமோ வெட்கமோ இல்லை. வரையப்பட்டது அவனுக்குத் தெரியாது.

"அண்ணே, அங்க என் வீட்டுக்காரியப் பாத்தீயளா? ஏன் திரும்பவே மாட்டேங்கா?"

பெனித்தாஸ் அவனைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், எஸ்கலினைப் பார்த்தார். திரும்பி நடந்து, மூடிக்கிடந்த பழைய ஐஸ் பிளான்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் அவரைப் பட்டினி போடவில்லை. தினமும் யாராவது வாசலில் சோறு வைத்துவிட்டு வந்தோம். ஆனால் படகில் ஏற்றிக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை, படகில் ஏறுகிறவர்கள் உயிரோடு இருப்பவர்கள். ரேஷன் கடையில் அவர் பெயரை அடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோயிலில் அவர் போய் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றவர்கள் எழுந்து நின்று, அவருக்காகவே ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிறகு ஒவ்வொருவராக அவரிடம் போக ஆரம்பித்தோம். அங்கே என் மகன் யாரோடு சேர்ந்திருக்கிறான், என் புருஷனுக்கு இருமல் நின்றதா, மீரான் பாய் கிணற்றுக்குள் எதைப் பார்க்கிறார் என்று கேட்டோம். நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும் என்று முதல் நாட்களில் கத்தினார். ஒருவரை அடித்தேவிட்டார். அடி வாங்கியவர் கோபப்படவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நான் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாத கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அம்மாவால் படி ஏற முடிகிறதா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். என் அம்மா கையால் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறார்.

"ஏறுதாக. ஒரு கையால செவுத்தப் பிடிச்சிக்கிட்டு ஏறுதாக. நான் பாத்தேன்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. இருமல் நின்றுவிட்டது என்றார். உங்கள் மகன் நன்றாக இருக்கிறான் என்றார். ஐஸ் பிளான்ட் வாசலில் காலையும் மாலையும் ஆட்கள் வரிசையாக நின்றோம். ஊரே லேசானது போல இருந்தது. அவர் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தார்.

ஒன்பதாம் நாள் மதியம் எஸ்கலின் போனாள். வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அரைமணி நேரம் இருந்தாள். சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஒரு கையகலம் இடைவெளி விட்டு, நேராக நூலகத்துக்கு நடந்தார்கள். நாங்கள் பின்னால் போனோம்.

நாலரை மணி. நூலகத்துக்குள்ளும் வாசலிலும் தெருவிலுமாக ஊர் நின்றது. எஸ்கலின் திரும்பி எங்களைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இவரு சாகல. நான்தான் சார்கிட்டச் சொல்லி வரையச் சொன்னேன். என்னால முடியல, அதான் சொன்னேன்."

பூவலிங்கம் எழுந்து, ஆமாம், என் கைதான் என்றார். மழை, பேனா, மை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. தொம்மை கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான், எஸ்கலினின் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். மகனைப் பார்க்க தினமும் வரும் அந்தத் தகப்பனார்தான் கேட்டார்.

"அப்ப மத்தவங்களையும் யாராவது வரஞ்சிருப்பாகளோ?"

இல்லை, மற்றவர்கள் தானாக வந்தவர்கள் என்றார் பூவலிங்கம். சத்தியம் செய்தார். அவர் சொல்லச் சொல்ல எங்கள் முகங்கள் மாறிக்கொண்டே வந்தன. முந்நூறு பேருக்கு மேல் அந்தப் பக்கங்களில் நின்றார்கள். ஒருவர் பொய் என்றால் முந்நூறு பேரையும் மறுபடி புதைக்க வேண்டும். நான் இருபத்தாறாம் பக்கத்தை நினைத்தேன், அம்மா படியைப் பிடித்து ஏறுவதை நினைத்தேன், இந்த ஆள் ஏன் திரும்பி வந்தார் என்று ஒரு கணம் நினைத்தேன். என்னைப் போலவே எல்லாரும் நினைத்தார்கள் என்பது அங்கே நின்ற விதத்திலேயே தெரிந்தது.

பூவலிங்கம் இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தார். நான் வரைந்ததை நானே சுரண்டிவிடுகிறேன், நீங்களே பாருங்கள், அந்த ஒரு ஆள் மட்டும்தான் போவார் என்றார். அந்த ஒரு ஆளோடு மற்றவர்களும் போய்விட்டால் மேல்படியில் கைவிரித்து நிற்கிறவளும் போய்விடுவாள் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பிளேடைத் தாளில் வைத்தார்.

"சார், ஒரு நிமிசம். நான் பாத்ததே இல்ல" என்றார் பெனித்தாஸ்.

குனிந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். முப்பத்தொன்றாம் படம். முன்பெல்லாம் கடலைப் பார்த்து நின்ற மூன்று பேரும் இப்போது திரும்பி நின்றார்கள். எப்போது திரும்பினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது, நாங்கள் கவனிக்கவே இல்லை. மூவரும் நான்காவது ஆளைப் பார்த்து நின்றார்கள். ஒருவன் தன் கையை அந்த நான்காவது ஆளின் இறங்கிய தோளில் வைத்திருந்தான். பெனித்தாஸ் வெகுநேரம் குனிந்தே இருந்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒவ்வொருத்தனா கைவிட்டுட்டுப் போனானுவ. கேன்ல நாலு பேருக்கு இடமில்ல சார். நான் மட்டும் பிடிச்சிக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "இருக்கட்டும். விட்டுருங்க" என்றார்.

பிளேடைப் பூவலிங்கத்தின் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். எஸ்கலினிடம் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் இல்லை என்று தலையாட்டினாள், மறுபடி ஏதோ சொன்னார், அதற்கு அவள் தலையாட்டவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த தொம்மையைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டு, நாங்கள் விட்ட வழியில் வெளியே போனார். அன்று மாலை வழக்கம்போல ஆட்கள் பூதக்கண்ணாடிக்காகக் காத்து நின்றார்கள். நானும் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து டோனர் வாங்கத் தூத்துக்குடி போவதற்காகக் காலை ஏழே கால் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும் சமயம் பெனித்தாஸ் துணிப்பையோடு ஏறி, வேறு இடம் இல்லாததால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நிறுத்தத்தில் எஸ்கலின் நின்றாள். கையை ஆட்டவில்லை. பஸ் திரும்பும்வரை நின்றாள். ஊர் ஆட்கள் இன்னும் ஆறேழு பேர் பஸ்ஸில் இருந்தோம், எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டோம்.

கண்டக்டர் வெளியூர்க்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கே போகணும் என்று பெனித்தாசிடம் கேட்டார். அவர் கண்டக்டரின் முகத்தையே பார்த்தார். ஊருக்குள் வந்த பதினொரு நாளில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் அவரைப் பற்றிக் கேட்டிருந்தார். கண்டக்டர் பொறுமையிழந்து மறுபடி கேட்டார். வழியில் வரும் ஏதோ ஒரு கூட்டுரோட்டின் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டார்.

உப்பளம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். பஸ்ஸின் குலுக்கலில் தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. கனமான தலை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, குறட்டை வந்தது, வியர்வையும் பழைய சாரத்தின் வாடையும் அடித்தது. கழுத்து நரம்பு துடிப்பது என் சட்டை வழியாகத் தெரிந்தது. நான் நகரவில்லை. இறந்தவர்களின் தலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவின் தலையை என் மடியில் வைத்திருந்தவன் நான். அரைமணி நேரம் அவர் என் தோளில் தூங்கினார். பெனித்தாஸ் அண்ணே என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட நினைத்தேன். முன் இருக்கையில் இருந்த ஊர்க்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கூட்டுரோடு வந்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"உங்க கூட வந்தவரா? எழுப்பி விடுங்க சார்."

"இல்ல. யாருன்னு தெரியாது" என்றேன்.

அந்தச் சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார். கேட்டதா என்று எனக்குத் தெரியாது. என் தோளில் சாய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல என் கையை ஒரு தடவை தொட்டார், பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எந்தப் பக்கம் போவது என்று யோசித்து நின்றவரைப் புழுதி மறைத்தது, பஸ் கிளம்பிவிட்டது. என் தோளில் அவர் வியர்வை பட்ட இடம், ஜன்னல் காற்று அவ்வளவு அடித்தும், தூத்துக்குடி வரும்வரை ஈரமாகவே இருந்தது.